ஃபார்மட் பண்ணிடலாம்னு சொல்றவங்களுக்கு

லினக்ஸ் அப்கிரேடு பாதியில நின்னா பாலக்கோட்டுலயும் சரி, பெங்களூருல என் பக்கத்து சீட்டுலயும் சரி, கிடைக்கிற ஒரே வைத்தியம் "ஃபார்மட் பண்ணிடலாம்". கேட்டாலே கடுப்பாகுது மக்கா.

போன மாசம் இங்க தக்காளி மார்க்கெட்டுல மண்டி வச்சிருக்கிற சித்தப்பாவோட கம்ப்யூட்டருக்கும் இதே தீர்ப்புதான். உள்ள இருந்தது மூணு வருஷத்துப் பாக்கிக் கணக்கு. எந்த விவசாயிக்கு எவ்வளவு குடுக்கணும், யார் முன்பணம் வாங்கினாங்க, எல்லாம். "பேக்கப் இருக்கா சித்தப்பா?"ன்னேன். "அப்படின்னா என்னாடா?"ன்னார். கடைக்காரர் ஃபார்மட் பண்ண ரெடியா நின்னார்.

திரை முழுக்க பேக்கேஜ் பேரா ஓடினா எல்லாரும் கடைசி வரியைத்தான் பாக்குறாங்க. அதுல ஒண்ணும் இருக்காது. ஒண்ணு விழுந்ததும் அதை நம்பியிருக்கிற மத்ததெல்லாம் "நானும் செட்டப் ஆகல"ன்னு வரிசையா அழும், அவ்வளவுதான். காரணம் மேல, முதல் பிழையில இருக்கும். திரை போயிட்டாலும் வார் ஃபோல்டருக்குள்ள லாக், அதுக்குள்ள ஆப்ட், அங்க டெர்ம் லாக்னு ஒரு கோப்பு இருக்கும், அதைப் படிங்க. இங்க கிடைச்ச காரணம்: பூட் பார்ட்டிஷன்ல இடமில்ல. பழைய கர்னல் ஒவ்வொண்ணா சேர்ந்து அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. புதுக் கர்னல் தன்னோட இனிட்ராம்ஃபைஸ் கோப்பை எழுத முடியாம விழுந்துடுச்சு.

வைத்தியம் சின்னது. லைவ் யூஎஸ்பியில பூட் பண்ணி ஹோம் ஃபோல்டரை முதல்ல காப்பி எடுத்தாச்சு. அப்புறம் வழக்கம்போல பூட் பண்ணி, இப்ப ஓடுற கர்னலைத் தொடாம பழசு ரெண்டை டிபிகேஜி வச்சு நேரா நீக்கினேன் (இந்த நிலைமையில ஆப்ட் அடம் பிடிக்கும்). பிறகு டிபிகேஜியை கான்ஃபிகர் ஆப்ஷனோட ஓட்டினா விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்துச்சு.

எப்படித் தொடருது? பிரிச்சதா, பாதி செட்டப்பா, முழுசா முடிஞ்சதான்னு ஒவ்வொரு பேக்கேஜோட நிலையையும் டிபிகேஜி எழுதி வச்சுக்குது. 1993-ல இயன் முர்டாக் ஆரம்பிச்ச டெபியன்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

இது நமக்குப் புதுசும் இல்ல. 2011-லேர்ந்து தமிழக அரசு குடுத்த விலையில்லா லேப்டாப்ல விண்டோஸ் கூட பாஸ் லினக்ஸும் வந்துச்சு. சென்னை சி-டாக் டெபியனை வச்சு செஞ்சது. ப்ளஸ் டூ-ல எனக்கும் ஒண்ணு கிடைச்சுது. என் செட்டுல முக்காவாசிப் பேர் செஞ்ச முதல் வேலை அதை அழிச்சதுதான். பிழைச் செய்தியைப் படிக்க யாரும் சொல்லித் தரல, ஃபார்மட் பண்ண மட்டும் பத்துப் பேர் சொல்லித் தந்தாங்க :-)

ஹார்ட் டிஸ்க்கே சாகுதுன்னா வேற கதை, காப்பி எடுத்துட்டு டிஸ்க்கை மாத்துங்க. டிபிகேஜியோட நிலைக்கோப்பே கெட்டுப் போச்சுன்னாலும் அவசரப்படாதீங்க. வார் ஃபோல்டருக்குள்ள பேக்கப்ஸ்னு ஒண்ணு இருக்கும். அந்தக் கோப்போட பழைய நகல்கள் அங்க சத்தமில்லாம உக்காந்திருக்கும்.