வாட்ஸாப் தமிழைக் கெடுக்கவில்லை

பட்டிமன்றமோ, பள்ளி ஆண்டு விழாவோ, புத்தக வெளியீடோ, மேடை ஏறுகிறவர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை: வாட்ஸாப் வந்தது, தமிழ் கெட்டது. கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். நான் இதை அடியோடு மறுக்கிறேன். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் கையால் எழுதத் தொடங்கியிருக்கும் எத்தனையோ பேரை இந்தப் பேச்சு கூசிப்போக வைக்கிறது.

இன்லண்ட் லெட்டர் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய அம்மா, துபாயில் இருக்கும் மகனுக்குக் கடிதம் போட பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "நேத்து ராத்திரி தூக்கமே வரல, உன் நெனப்பாவே இருந்துச்சு" என்று அவர் சொல்வார். "இங்கு யாவரும் நலம். எந்நேரமும் உன் நினைவாகவே இருக்கிறோம்" என்று பையன் எழுதுவான். கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இன்று அதே அம்மா, "கண்ணு சாப்டியா, ராத்திரி கனவுல வந்த, ஒடம்பு நல்லாருக்கா" என்று தானே தட்டி அனுப்புகிறார். சில இடங்களில் றகரம் ரகரமாகியிருக்கும், ஒற்று விட்டுப் போயிருக்கும். ஆனால் மகனுக்குப் போய்ச் சேர்வது அம்மாவின் பேச்சு. கதைகளில் பேச்சுத் தமிழ் நெடுநாள் மேற்கோள் குறிக்குள்தான் இருந்தது. கதை சொல்லும் மொழியாகவே அதை ஆக்கிக் காட்டிய கி. ராஜநாராயணனைக் கொண்டாடுகிறோம். அந்த அம்மா செய்தால் மட்டும் பிழையா?

"போடாஆஆ", "ம்ம்ம்" என்று இளைஞர்கள் இழுத்து எழுதுவதும் ஏளனத்துக்கு ஆளாகிறது. ஏளனம் செய்கிறவர்கள் அளபெடையை மறந்துவிட்டார்கள். ஓசை நீளும்போது நெடிலை அடுத்து அதன் இனக்குறிலை எழுதிக் காட்டச் சொன்னது நம் இலக்கணம். மெய்யும் அளபெடுக்கும் என்கிறது நன்னூல். அப்படி நீளும் பத்து மெய்களில் மகரமும் உண்டு. பிள்ளைகள் குறிலுக்குப் பதில் நெடிலையே அடுக்குகிறார்கள், அது விதிப்படி இல்லைதான். ஆனால் தேவை அதேதான்: குரலை எழுத்தில் ஏற்ற வேண்டும். அவர்களிடையே "ம்" என்றால் கேட்டுக்கொண்டேன் என்று பொருள், "ம்ம்ம்" என்றால் யோசிக்கிறேன் என்று பொருள். "சரி"க்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி விழுந்தால் கோபம். இவ்வளவு நுட்பமாக எழுதுகிறவர்களையா மொழியறிவு இல்லாதவர்கள் என்பது?

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறார்களே என்பது அடுத்த புகார். எனக்கும் அதைப் படிக்கப் பிடிக்காது. லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் பழைய பட்டன் போன்கள் பலவற்றில் தமிழ் தட்ட வழியே இல்லை, பழக்கம் அங்கே ஊன்றியது. இது புதிதும் அல்ல: அச்சேறிய முதல் தமிழ் நூலே 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் வந்ததுதான். அதனால் தமிழ் எழுத்து அழிந்துவிடவில்லை, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் அச்செழுத்திலேயே வந்துவிட்டது. தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள், அதனாலும் தமிழ் அழியவில்லை.

பழி போட வேண்டிய இடம் வேறு. தமிழை ஒரு பாடமாகக்கூடப் படிக்காமல் பள்ளிப் படிப்பை முடிக்கத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழி இருந்தது. 2006இல் சட்டம் வந்த பிறகே முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமானது. அதற்கு முன் தமிழ் படிக்காமலே வெளியே வந்தவருக்குத் தமிழ் எழுதத் தடுமாற்றம் என்றால் கைபேசி என்ன செய்யும்?

இன்றும் பல வகுப்பறைகளில் கடிதம் எழுதுவது என்றால் மனப்பாடம் செய்த விடுமுறை விண்ணப்பம்தான். மாணவி தோழிக்கு அனுப்பிய செய்தியையும் தலைமையாசிரியருக்கு எழுதிய விண்ணப்பத்தையும் அருகருகே வைத்து, எது எங்கே பொருந்தும், ஏன் என்று ஒரு பாடவேளை பேசட்டும் தமிழாசிரியர்கள். நாள் முழுக்கத் தமிழில் தட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு அதில் சொல்ல நிறைய இருக்கும்.