துப்பாக்கியைக் கேட்பவர்கள் மருந்தையும் கேட்க வேண்டும்

பச்சைமலை அடிவாரத்தில் பூலாம்பாடி, அரும்பாவூர் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் பருவத்தில் இரவுக் காவல் இல்லாமல் வெள்ளாமை வீடு வந்து சேராது. காட்டுப்பன்றி தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பது அதிகம். பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன் மலை நெடுகிலும் நாட்டுத் துப்பாக்கி தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவருவதற்கு இதுவும் ஒரு காரணம். உரிமம் உள்ளவை உண்டு, இல்லாதவையும் உண்டு. கள்ளத் துப்பாக்கியைத் தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறையும் வனத்துறையும் மலைக் கிராமங்களில் அவ்வப்போது அறிவிக்கின்றன. சில நாள் கழித்து, துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கிவைத்த படம் செய்தித்தாளில் வருகிறது. செய்தியில் சொல்லப்படும் எண்ணிக்கை துப்பாக்கிகளின் எண்ணிக்கைதான். அவற்றில் இடித்து நிரப்பப்பட்ட கரிமருந்து, கேப், ஈய ரவை, பால்ரஸ் குண்டு எல்லாம் எங்கே போயின என்ற கேள்வி அந்தச் செய்திகளில் அநேகமாக எழுவதில்லை. அது எழ வேண்டும். ஒரு குடும்பத்துக்கு, குறிப்பாக அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, சுவரில் சாய்த்துவைத்த வெற்றுக் குழலைவிடப் பரணில் இருக்கும் மருந்து டப்பாதான் பெரிய ஆபத்து.

தொழிற்சாலையில் செய்த தோட்டாவில் மருந்தும் கேப்பும் குண்டும் ஒரே கூட்டுக்குள் அடைபட்டிருக்கின்றன. வாய் வழியாக இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கிக்கு அந்த வசதி கிடையாது. அதை வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் தானே தோட்டா செய்பவராகிறார். ஆகவே உதிரி மருந்து வீட்டில் இருந்தே தீரும். அந்த மருந்து எப்படிப்பட்டது என்பது அடுத்த கேள்வி. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்த்துக் கைப்பக்குவத்தில் இடித்ததாக இருக்கலாம், பட்டாசைப் பிரித்துக் கொட்டியதாகவும் இருக்கலாம். பட்டாசு மருந்தில் அலுமினியத் தூள் கலந்திருந்தால் அது கரிமருந்தைவிட வேகமாகவும் மூர்க்கமாகவும் வெடிக்கும். கரிமருந்துக்கே ஒரு பொறி போதும்: பீடி நெருப்பு, அடுப்பிலிருந்து தெறிக்கும் கங்கு, இரும்போடு இரும்பு உரசுவது. கேப்புக்கு ஒரு தட்டே போதும், அதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. மருந்து நமுத்துப்போகக் கூடாது என்ற கவலையில் சமையலறைப் பரணிலோ அடுப்பு மேட்டுக்கு அருகிலோ வைத்தால் ஈரம் அண்டாது, நெருப்பு அண்டும். சரி, இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கலாமே என்று தோன்றும். பிள்ளைகளின் கைக்கு எட்டாது என்பது உண்மைதான். ஆனால் நெருப்புப் பட்டால் அடைபட்ட மருந்தின் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, எரிய வேண்டிய பொருள் வெடிக்கும். பெட்டியே குண்டின் ஓடாகச் சிதறும். பிரிட்டனில் பழைய வகைத் துப்பாக்கி ஆர்வலர்கள் சான்றிதழ் பெற்றுக் கரிமருந்து வைத்துக்கொள்ளலாம். அதைச் சுமார் அரைக் கிலோ கொள்ளும் அறைகளாகத் தடுத்த மரப்பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். அமெரிக்கத் தீயணைப்பு நெறிமுறையும் வீட்டில் வைக்கும் கரிமருந்துக்கு 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ, உச்சவரம்பு வகுத்து, மரப்பெட்டியையே கேட்கிறது. எந்தப் பெட்டி, எவ்வளவு, எங்கே என்று அங்கே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நம்மிடம் அந்தப் பேச்சே தொடங்கவில்லை.

பேச்சு தொடங்காததன் விலையை இந்த வட்டாரம் கொடுத்திருக்கிறது. 2020 ஜூனில் தொட்டியம் அருகே அழகரையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், வீட்டில் கிடந்த பொருளைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்து உயிரிழந்தான். ஆற்றில் மீன் பிடிக்க வாங்கிவந்த வெடியில் மிஞ்சியது அது. அந்தச் சாவுக்குத் துப்பாக்கியும் தேவைப்படவில்லை, பகையும் தேவைப்படவில்லை. வேலை முடிந்தபின் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததே போதுமானதாக இருந்தது. 2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் திருமானூர் அருகே விரகாலூரில் பட்டாசு ஆலையும் கிடங்கும் வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். 2016 டிசம்பர் 1 அன்று துறையூர் அருகே முருங்கப்பட்டி வெடிபொருள் ஆலையில் பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். பல உடல்களை அடையாளம் காணவே முடியவில்லை. பின்னிரண்டும் வெடிபொருளே தொழிலாக நடந்த இடங்கள். அந்த இடங்களிலேயே தப்ப முடியாத விபத்து, கேஸ் அடுப்பும் விளக்கும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் நடக்காது என்று எந்தத் தைரியத்தில் இருக்கிறோம்? அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் பெரம்பலூரின் கல்குவாரியிலும் வெடிபொருள் வைக்க உரிமம் வேண்டும். குடியிருப்பிலிருந்து இவ்வளவு தூரம் என்ற கணக்கு வேண்டும். வரவு செலவுப் பதிவேடு வேண்டும். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இவற்றை விரிவாகச் சொல்கின்றன. ஆள் குடியிராத கிடங்குக்கு இத்தனை கட்டுப்பாடு இருக்கும்போது, ஆள் குடியிருக்கும் வீட்டுக்கும் சிலவாவது வேண்டாமா?

சட்டம் மருந்தை மறந்துவிடவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வெடித்தோட்டா என்பதன் விளக்கத்திலேயே துப்பாக்கியில் நிரப்பும் மருந்தையும் அதன் துணைப் பொருள்களையும், தோட்டா செய்யும் கருவிகளையும்கூடச் சேர்த்திருக்கிறது. சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி மருந்து அடைப்பது வெளிநாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கே அது தோட்டா உற்பத்தி, உரிமமின்றிச் செய்தால் குற்றம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. உரிமம் கேட்பவர் ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பதாக எழுதித் தர வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் விதிகள். உரிமக் காலம் முடிந்துவிட்டால் ஆயுதத்தோடு தோட்டாவையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21ஆவது பிரிவு. இவ்வளவும் ஏட்டில் இருக்க, நடைமுறையில் கண் துப்பாக்கி மீதே நிற்கிறது. துப்பாக்கிக்கு எண் உண்டு, எண்ணிப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். மருந்துக்கு எண் கிடையாது.

விவசாயி உடனே கேட்பார்: பன்றியை யார் தடுப்பது? நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழித்துவிட்டு இந்த வாதத்தை நடத்த முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம்; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும்; ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. மலையை ஒட்டிக் காடு கழனி வைத்திருப்பவருக்குத்தான் பன்றித் தொல்லை அதிகம், அவருக்கு இதனால் கிடைப்பது குறைவு. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. வனத்துறை பிடிக்கும் வேலையையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும், இழப்பீடு அலையவிடாமல் கைக்கு வர வேண்டும். ஆனால் அந்தக் கோபத்துக்குப் பரணில் இருக்கும் டப்பா விடையாகாது. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சுட்டவர் பயிரைக் காத்தாலும் வழக்கில் மாட்டுகிறார். பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த உரிமம் பெற்றவரும் பருவத்துக்கு வேண்டிய அளவை மட்டும் வைத்துக்கொண்டு, அறுவடை முடிந்ததும் மிச்சத்தைத் திருப்பித் தருவதால் எதையும் இழக்கப்போவதில்லை.

தாத்தா காலத்திலிருந்து வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பது இன்னொரு பதில். மூன்று தலைமுறையாக ஒன்றும் ஆகவில்லை என்பது நாளைக்கு உத்தரவாதம் தராது. தாத்தாவுக்கு மருந்தின் குணம் தெரிந்திருந்தது, பேரனுக்கு அது தெரியாது. பிள்ளைகள் மலேசியா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போய்விட, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. பெரியவர் காலமான பின் வீட்டை ஒழிக்க வருகிறவருக்கு அந்த டப்பாவில் இருப்பது வெடிமருந்தா, உரமா, எருமை மாட்டு மருந்தா என்று எப்படித் தெரியும்? வெளிநாட்டில் வீட்டிலேயே வைக்கிறார்களே என்பவர்கள், அங்கே வைப்பது பெரும்பாலும் ஆலையில் செய்து பெயரும் எச்சரிக்கையும் ஒட்டிய புட்டி என்பதையும், அதற்கும் அளவு வகுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு அச்சம். மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வழக்குப் போடுவார்கள் என்று பயந்தவர் அதைக் கிணற்றில் கொட்டுவார், குப்பையோடு எரிப்பார், அல்லது இன்னும் ஆழமாக ஒளிப்பார். மூன்றுமே இருந்ததைவிட மோசம். சோதனை நடத்திக் கைது செய்வதை மட்டும் நம்பினால் இதுதான் நடக்கும். ஆகவே துப்பாக்கிக்குத் தரும் அதே வாக்குறுதியை மருந்துக்கும் கேப்புக்கும் வாய்திறந்து தர வேண்டும். துப்பாக்கியே இல்லாமல் மருந்து மட்டும் வைத்திருப்பவருக்கும் அது பொருந்த வேண்டும். வீட்டுக்காரர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறி வரக் கூடாது; தகவல் சொன்னால் போதும், காவல்துறையின் வெடிகுண்டு கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் பிரிவு வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்ல வேண்டும். உரிமம் புதுப்பிக்க வருபவரிடம் மருந்தை எங்கே, எதில், எவ்வளவு வைத்திருக்கிறார் என்று கேட்டு, ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். கல்குவாரிகளில் எடுத்துப்போன வெடியில் மிஞ்சியது திரும்பி வந்ததா என்று அன்றன்றே சரிபார்க்க வேண்டும்; அழகரையில் நடந்ததுபோல மிச்ச வெடி வீடு வந்து சேர்வது அப்படித்தான் நிற்கும். பெரம்பலூர், அரியலூர் ஆட்சியர் அலுவலகங்களில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. பன்றித் தொல்லை அங்கே வழக்கமாக வரும் புகார். வனத்துறையும் காவல்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பன்றிக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதையும் மருந்தை எப்படித் திரும்பப் பெறப்போகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்வதற்கு, மக்காச்சோளம் கதிர் பிடிப்பதற்கு முந்தைய மாதக் கூட்டமே ஏற்றது.