டிஸ்கோவில் பத்து ராகம்

இந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் பிறருடைய மெட்டுக்குக் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர் பம்பாயின் சரண்ஜித் சிங். 1982ல் எச்.எம்.வி. வெளியிட்ட ஓர் இசைத்தட்டில் அவர் தனி ஆள். பத்து ராகங்கள், டிஸ்கோ தாளம், பக்கவாத்தியமாக மூன்று ரோலண்ட் மின்கருவிகள்.

அவற்றில் டிபி-303 என்ற சின்னப் பெட்டியின் கதை சுவாரசியமானது. பேஸ் வாசிக்கத் துணை கிடைக்காத கிடார்காரர்களுக்காக ஜப்பானில் செய்தது. அவர்கள் சீண்டவில்லை, 1984ல் தயாரிப்பே நின்றுபோனது. ஆனால் சுரத்திலிருந்து சுரத்துக்கு அது வழுக்கிச் செல்லும். பைரவுக்கும் யமனுக்கும் வேறென்ன வேண்டும்? சிங் பிடித்துக்கொண்டார். தட்டு விற்கவில்லை.

1987ல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே பெட்டியைத் திருகி ‘ஆசிட் ட்ராக்ஸ்’ தந்தபோது, உலகம் புது இசை பிறந்ததாகக் கொண்டாடியது. ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்’ என்று சிங்கைப் பின்னாளில் புகழ்ந்தது கொஞ்சம் அதிகப்படிதான். அவர் தட்டைக் கேட்டு சிகாகோக்காரர்கள் கற்றுக்கொண்டதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஐந்து வருடம் முந்தியவர் அவர். அதை மறைக்க முடியாது.

2002ல் டெல்லியில் ஒரு டச்சு இசைத்தட்டு சேகரிப்பாளர் கையில் அது சிக்கியது. 2010ல் மறுவெளியீடு. எழுபது வயதுக்குமேல் சிங் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார்; பேரப்பிள்ளை வயதினர் ஆடினார்கள். 2015ல் மும்பையில் காலமானார்.