முதல் மோட்டார் சைக்கிளும் உடன் வாங்க வேண்டிய உடுப்பும்



பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்து, ஓட்டுநர் உரிமமும் கைக்கு வந்துவிட்டால், சேலம், நாமக்கல் பகுதி வீடுகளில் அடுத்து எழும் பேச்சு மோட்டார் சைக்கிளைப் பற்றியதாகவே இருக்கும். எத்தனை சி.சி., என்ன நிறம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், மாதத் தவணை எவ்வளவு என்று அத்தாவும் மகனும் பல நாட்கள் கணக்குப் பார்ப்பார்கள். அதை ஓட்டப்போகிறவன் உடம்பில் என்ன அணிவான் என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இருப்பதில்லை. வண்டியோடு கிடைக்கும் தலைக்கவசத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

வண்டிக்கென ஒதுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது உடுப்புக்கென்று முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக வண்டியில் ஒரு படி கீழே இறங்க நேர்ந்தால் இறங்கலாம். 150 சி.சி.க்குப் பதில் 125 சி.சி. வாங்கியதால் எவருக்கும் எலும்பு முறிந்ததில்லை.

புதிதாக ஓட்டக் கற்றவனின் மனம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்காட்டின் 20 வளைவுகளிலும் சுற்றிக்கொண்டிருக்கும். பெற்றோரின் அச்சமும் அங்கேயே நிற்கும். ஆனால் அவன் நாள்தோறும் போவது கல்லூரிக்கும் கடைவீதிக்கும் ஜும்ஆவுக்கும்தான். சாலையில் காயப்போட்ட மக்காச்சோளம், மரவள்ளிக்கிழங்கு லாரியிலிருந்து உதிர்ந்த மண், மழை அரித்துவிட்டுப் போன சல்லி ஆகியவை போதும், முன்சக்கரம் வழுக்க. பெரிய வேகமும் தேவையில்லை. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு தலை தரையில் வந்து மோதினால், மோதும் கணத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதுதான் கணக்கு. ஆகவே மலைப் பயணத்திற்கென்று ஒரு நாள் போட்டு, மற்ற நாட்களில் ஆணியில் தொங்கவிடும் உடுப்பைத் தேடாதீர்கள். சித்திரை வெயிலிலும் தெருமுனைக் கடைக்குப் போகும்போதும் எதை அணிய மனம் வருமோ, அதையே தேர்ந்தெடுங்கள்.

தலைக்கவசத்தின் வரலாற்றில் நம் வாசகர்கள் அறிந்த ஒரு பெயர் வருகிறது. முதல் உலகப் போரில் துருக்கியருக்கு எதிராக அரபிகளோடு சேர்ந்து நின்ற ஆங்கிலேய அதிகாரி டி.இ.லாரன்ஸ்தான் அவர். அவருடைய அரசியலைப் பற்றி நமக்கு வேறு கருத்துகள் உண்டு. அது இங்கே வேண்டாம். 1935 மே மாதம் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்பி, தூக்கி எறியப்பட்டுத் தலையில் அடிபட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்களில் உயிர் பிரிந்தது. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், அதன்பின் இராணுவத்தின் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 2008இல் 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ அறிஞர்கள், தலைக்கவசம் உயிரிழப்பு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டனர். நம் நாட்டிலோ 2022ஆம் ஆண்டில் மட்டும் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள்!

தலைக்கவசத்தைக் கடையில் எப்படிப் பார்ப்பது? ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் இந்த முத்திரை இல்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசத்தைச் செய்வதும் விற்பதும் சட்ட விரோதம். சாலையோரக் குடைக்கடியில் அடுக்கிவைத்து விற்பவற்றில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்பிவிட வேண்டாம். அதற்குமேல் எல்லாம் அளவைப் பொறுத்தது. புருவத்திற்குச் சற்று மேலே டேப் வைத்துத் தலையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுங்கள். போட்டால் கன்னத்துப் பஞ்சு இரு பக்கமும் அழுத்த வேண்டும். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தி வலிக்கக் கூடாது. பட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்குரியதன்று. பத்து நிமிடம் கடைக்குள்ளேயே போட்டுக்கொண்டு நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வண்டியோடு ஒரு தலைக்கவசம் தர வேண்டும் என்பது விதி. ஆனால் அது உங்கள் தலையை அளந்து செய்ததன்று. பொருந்தினால் பின்னால் உட்காருபவருக்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்டுகிறவருக்கு முகவாயையும் மூடும் முழுக் கவசமே மேல். உள்ளேயிருக்கும் தெர்மாகோல் அடுக்குதான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. வெளி ஓடு பளபளப்பாக இருந்தாலும், விபத்தில் அடிபட்ட கவசத்தை மறுபடி போடக் கூடாது. இக்காரணத்தினாலேயே பிறர் பயன்படுத்தியதை வாங்குவதும் கூடாது.

இனி நம் வீடுகளுக்கே உரிய ஒரு செய்தி. தலைக்கவசம் பற்றிய சட்டத்தின் 129ஆம் பிரிவு பெயர் சொல்லி விலக்கு அளிப்பது தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு. தொப்பிக்கும் முக்காட்டுக்கும் அதில் விலக்கு இல்லை, கேட்கவும் வேண்டியதில்லை. பூவேலை செய்த கெட்டித் தொப்பியின்மீது கவசத்தை அணிந்தால் அது தலையில் உட்காராது. தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் எடுத்து அணியலாம். பெண்கள் முக்காட்டைக் குண்டூசிகளால் குத்திக்கொண்டு அதன்மீது கவசம் போடுவது ஆபத்து. அடிபடும்போது அந்த ஊசிகள் போகும் இடம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. மெல்லிய பருத்தி உள்முக்காடு ஒன்று, ஊசியின்றி, மடிப்பின்றித் தலையோடு படிந்திருக்க, அதன்மேல் கவசம் அணிவதே சரி. கவசத்தை வாங்கும்போதும் அந்த முக்காட்டோடே அளவு பார்க்க வேண்டும்.

அடுத்து வாங்க வேண்டியது கையுறை. விழுகிறவன் எவனும் கையைத்தான் முதலில் ஊன்றுகிறான். உள்ளங்கையில் தடித்த தோலும், விரல் மூட்டுகளின்மீது கெட்டியான காப்பும், மணிக்கட்டில் இறுக்கிக் கட்டும் பட்டையும் உள்ளதாகப் பாருங்கள். பட்டையில்லாத கையுறை தரையில் இழுபடும்போது உருவிக்கொண்டு போய்விடும். வெயில் கறுப்பிலிருந்து காக்கும் துணிக் கையுறைக்கு இந்த வேலை தெரியாது.

காலணியில்தான் வீட்டில் வாக்குவாதம் வரும். ஒளுச் செய்யவும் உள்ளே போகவும் செருப்புத்தான் வசதி என்பார்கள். உண்மைதான், ஐந்து நிமிடம் மிச்சமாகும். ஆனால் சாய்ந்த வண்டியின் அடியில் சிக்குவது கணுக்கால். ஆஸ்திரேலியாவில் 212 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ்கூட, தாழ்ந்த ஷூக்களோடு ஒப்பிட்டால் கால் காயத்தைப் பாதியளவுக்குக் குறைத்தது தெரியவந்தது. எனவே பெரும் விலை கொடுக்க இயலாதவர் கணுக்காலை மூடும் கெட்டியான தோல் பூட்ஸ் ஒன்றை வாங்கினாலும் போதும். கயிற்று முடிச்சின் நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள். கைலி கட்டிக்கொண்டு வண்டி எடுக்கும் வழக்கத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஜாக்கெட் என்றதும் நமக்குத் தோல் நினைவுக்கு வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் தொழிலில் தலைமுறைகளாக ஊறியவர்கள் நம் சமுதாயத்தினர். தோலின் தரம் நமக்குப் புதிதன்று. ஆனால் அழகுக்கு அணியும் மெல்லிய தோல் ஜாக்கெட் வேறு, சாலையில் தேய்வதைத் தாங்க ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடித்த தோலில் தைத்தது வேறு. பின்னதைச் சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் சேலத்தில் எவரும் இரண்டாம் நாள் அணியமாட்டார்கள். காற்றுப் புகும் வலைத்துணியில், தோளிலும் முழங்கையிலும் கெட்டித் துணி வைத்துத் தைத்த ஜாக்கெட்டே நம் சமவெளிக்கு ஏற்றது. தேய்வைத் தாங்குவதில் அது தோலுக்கு ஈடில்லை. ஆயினும் உடம்பில் இருக்கும் வலைத்துணி, வீட்டில் தொங்கும் தோலைவிட மேல். வெறும் பாலியெஸ்டர் சட்டையோ உராய்வுச் சூட்டில் உருகிக் காயத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜாக்கெட்டின் உள்ளே தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் காப்புத் திண்டுகள் இருக்கும். அவற்றைப் பையிலிருந்து உருவிப் பாருங்கள். இ.என். 1621 என்ற ஐரோப்பிய எண்ணும், 1 அல்லது 2 என்ற நிலையும் பொறித்திருக்க வேண்டும். இரண்டாம் நிலை கூடுதலாகத் தாங்கும். விலை குறைந்த பலவற்றில் முதுகில் வெறும் பஞ்சுதான் இருக்கிறது. ஜாக்கெட்டை அணிந்து, கைப்பிடியைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டுங்கள். திண்டு முழங்கையை விட்டு நகர்ந்தால் அளவு தவறு. வளரும் பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக எடுக்கும் பழக்கத்தைப் பெருநாள் சட்டையோடு நிறுத்திக்கொள்வோம்.

நிறத்திலும் கவனம் வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஒளிரும் உடை அணிந்த ஓட்டுநர்களுக்கு விபத்துக் காய அபாயம் 37 விழுக்காடு குறைவாகவும், கறுப்புக் கவசத்தைவிட வெள்ளைக் கவசத்திற்கு 24 விழுக்காடு குறைவாகவும் இருந்தது. விடியற்காலையில் நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிவரும் லாரி ஓட்டுநரின் கண்ணுக்குக் கறுப்பு ஜாக்கெட்டும், பின்னால் கறுப்பு புர்காவும் தெரியவே தெரியா. வெள்ளையோ மஞ்சளோ ஆன கவசமும், முதுகில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டையும் இதற்குப் போதும்.

பின்னால் அமரும் தாய்மார்களுக்கு வருகிறேன். புர்காவின் கீழ் விளிம்பும் துப்பட்டாவின் நுனியும் சக்கரத்தின் கம்பிகளில் சுற்றினால் கண் இமைக்கும் நேரத்தில் ஆளை இழுத்துவிடும். ஏறியதும் விளிம்பைத் திரட்டி முழங்காலுக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டாவின் இரு நுனிகளையும் உள்ளே முடிந்துகொள்ளுங்கள். நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கும் தலைக்கவசம் வேண்டும் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட சட்டம். அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைக்குக் கவசத்தோடு, ஓட்டுபவருடன் இணைத்துக் கட்டும் வாரும் தேவை. வேகமும் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. 2023 பிப்ரவரி முதல் இது நடப்பில் உள்ளது. பெருநாள் அன்று ஒரே வண்டியில் நால்வராக ஈத்காவுக்குப் போகும் குடும்பங்களுக்கு எந்தக் கடையிலும் உடுப்பு இல்லை.

பின்சக்கரத்தின் பாதியளவையேனும் மறைக்கும் தடுப்பு ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. சாரி கார்டு என்று நாம் சொல்வது அதைத்தான். வண்டி அழகாகத் தெரியவேண்டும் என்று நம் பிள்ளைகள் வாங்கிய வாரத்திலேயே கழற்றி எறிவதும் அதைத்தான். உங்கள் வீட்டு வண்டியில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிய பிறகு, உம்மாவையும் தங்கையையும் ஏற்றச் சொல்லுங்கள்.