டிக்கி திறக்கவில்லை!

"டிக்கியைத் திறங்கள்!"

பாகலூர்ப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வார்த்தை புதிதல்ல. ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் இருக்கிறது பாகலூர். ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் கர்நாடக எல்லை. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டு விட்டால், எல்லைச் சாலைகளில் பறக்கும் படையினர் கார்களை நிறுத்திச் சோதனை போடுவார்கள். தக்க ஆவணம் இல்லாமல் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறிமுதல்! ஆகவே அவர்கள் பார்ப்பது டிக்கியைத்தான்.

அந்த நேரம் பார்த்து டிக்கி திறக்க மறுத்தால் என்ன ஆகும்?

கார்க்காரர் பொத்தானை அழுத்துகிறார். சத்தமே இல்லை. மறுபடியும் அழுத்துகிறார். பலன் இல்லை. உள்ளே இருப்பது தக்காளிக் கூடையாக இருக்கலாம். தங்கை கல்யாணத்துக்கு எடுத்த ஜவுளியாகவும் இருக்கலாம். ஆனால் திறக்காத டிக்கியைப் பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வருவது இயல்புதானே?

இதை ஒருவருடைய தனிச் சங்கடம் என்று தள்ளிவிட முடியாது. காரின் பூட்டு கையை விட்டு மின்சாரத்தின் வசம் போய்விட்டது. அதனால் வந்த வினை இது.

சாவியும் கம்பியும்

பழைய கார்களில் டிக்கிக்குச் சாவித் துவாரம் உண்டு. சாவியைத் திருகினால் உள்ளே ஒரு கம்பி நகரும், கொக்கி விடும், மூடி எழும்பும். பிறகு டிரைவர் ஆசனத்தின் பக்கத்தில் ஒரு லீவர் வந்தது. அதை இழுத்தால் நீண்ட கேபிள் ஒன்று கொக்கியை விடுவிக்கும். கேபிள் அறுந்தால் மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் மாற்றி விடுவார்.

இப்போதைய கார்கள் பலவற்றில் சாவித் துவாரமும் இல்லை, லீவரும் இல்லை. ரப்பருக்கு அடியில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் காருக்குள் உள்ள கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செய்தி போகிறது. சொந்தக்காரரின் சாவி அருகில் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. பிறகு ஒரு சிறு மோட்டாரை இயக்குகிறது. மோட்டார் கொக்கியை விடுவிக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் டிக்கி திறக்காது.

என்ன காரணம்?

முதல் சந்தேகம் சாவியின் மீது. அதற்குள் காசு அளவில் ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்திருந்தால் காருக்குச் செய்தி போகாது. அடுத்தது காரின் 12 வோல்ட் பேட்டரி. மின்சாரக் கார்களிலும் இதே கதைதான். ஓட்டுவதற்குப் பெரிய பேட்டரி இருந்தாலும், பெரும்பாலானவற்றில் பூட்டை இயக்குவது சிறிய 12 வோல்ட் பேட்டரியே. அது படுத்தால் பூட்டும் படுத்துவிடும்.

பொத்தானை அழுத்தும்போது காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். "டக்" என்ற சத்தம் வந்தால் மோட்டார் வேலை செய்கிறது, கொக்கிதான் சிக்கியிருக்கிறது. சாமானை அளவுக்கு மீறித் திணித்திருந்தாலும் அப்படி ஆகும். ஒருவர் மூடியை மெள்ள அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் பொத்தானை அழுத்தினால் பல சமயம் திறந்துவிடும். சத்தமே வராவிட்டால் பியூஸ், பொத்தான், மோட்டார், ஒயர் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு.

அதிகம் கெடுவது ஒயர். மூடியின் கீல் அருகே ரப்பர்க் குழாய்க்குள் ஒயர்கள் போகின்றன. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அவை மடங்கி நிமிர்கின்றன. நாளடைவில் உள்ளே செம்பு அறுந்து போகும்; வெளியே தெரியாது. பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி 2021 டிசம்பரில் சுமார் 3 லட்சத்து 56 ஆயிரம் "மாடல் 3" கார்களைத் திரும்ப அழைத்தது. டிக்கி மூடியைத் திறந்து மூடுவதால் பின்பக்கக் காமிராவின் கேபிள் தேய்கிறது என்பதே காரணம்!

அவசரத்துக்கு வழி உண்டா? உண்டு. பல கார்களில் சாவிக் கருவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதைக் கொண்டு டிரைவர் பக்கக் கதவைத் திறக்கலாம். பின் ஆசனத்தை மடித்து உள்ளே நுழைந்தால், டிக்கி மூடியின் உட்புறத்தில் ஒரு சிறு துவாரம் இருக்கும். அதற்குள் உள்ள லீவரைத் தள்ளினால் கொக்கி விடும். ஆனால் இது எத்தனை பேருக்குத் தெரியும்? காரோடு வரும் புத்தகத்தைப் படிப்பவர் யார்?

உயிருக்கே ஆபத்து

வெளியே நிற்பவருக்குத் திறக்காத டிக்கி தொல்லை. உள்ளே அகப்பட்டவருக்கோ அது எமன்.

1998 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், மூன்றே வாரங்களில், அமெரிக்காவில் 11 குழந்தைகள் கார் டிக்கிகளுக்குள் அகப்பட்டு இறந்தார்கள். நாடே பதறியது. அதற்கு முன்பே, 1995-ல், சான்பிரான்சிஸ்கோவில் கொள்ளையர் ஒரு தம்பதியை அவர்களுடைய கார் டிக்கிக்குள் அடைத்துக் கடத்தினார்கள். இருட்டில் துழாவிய அவர்கள், கைக்குக் கிடைத்த கேபிளை இழுத்து உயிர் தப்பினார்கள். அந்த அம்மையார் ஜேனட் ஃபென்னல், உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி வேண்டும் என்று அன்று முதல் போராடினார். 2001 செப்டம்பர் முதல் டிக்கி உள்ள புதிய கார்களில் அது அங்கே கட்டாயம் ஆயிற்று. இருட்டிலும் ஒளிரும் கைப்பிடி அது.

நம் பக்கத்துச் செய்திகளும் நெஞ்சை உலுக்குகின்றன. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் மூச்சுத் திணறி மாண்டார்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் அருகே நான்கு குழந்தைகள் அதே விதமாக மாண்டார்கள். அவர்கள் அகப்பட்டது டிக்கியில் அல்ல, காருக்குள். ஆனாலும் பாடம் ஒன்றே. உள்ளே இருப்பவர் எளிதாகத் திறக்க முடியாத பூட்டு, பாதுகாப்பான பூட்டு அல்ல.

சீனா இப்போது விழித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் அற்றுப் போனாலும் கதவுகளைக் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்று, 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல்களுக்கு அங்கே விதி வகுக்கப்பட்டுள்ளது. வெளிக் கைப்பிடி பற்றிய அந்த விதியில் டிக்கி சேரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ரிப்பேர் யார் செய்வது?

ஓசூர் வட்டாரம் வாகனத் தொழிலுக்குப் பேர்போனது. 1980-ல் டி.வி.எஸ்.50 மொபெட் இங்கேதான் பிறந்தது. அசோக் லேலண்டு லாரிகள் இங்கே தயாராகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டர்களும் உற்பத்தியாகின்றன. இவ்வளவு இருந்தும், பாகலூர் போன்ற ஊரில் சாலையோர மெக்கானிக் புதுக் காரின் டிக்கிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேர்கிறது. அவருக்குத் திறமை குறைவல்ல. கோளாறைக் காட்டும் ஸ்கேனரும், ஒயரிங் வரைபடமும் அவர் கைக்கு எட்டவில்லை.

இந்தக் குறை மேலிடத்துக்குத் தெரியாததல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பர் 24-ந் தேதி மத்திய சர்க்கார் "ரிப்பேர் உரிமை" இணையதளத்தைத் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனமும் ஒரு துறை. கம்பெனிகள் தாமாக முன்வந்து விவரங்களைத் தருவதற்கான ஏற்பாடு அது.

தாமாக முன்வருவதை நம்பி எத்தனை நாள் காத்திருப்பது?

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, டிக்கியைக் கையால் திறக்கும் வழி, உள்ளும் வெளியும், ஒவ்வொரு காரிலும் இருக்க வேண்டும். இரண்டாவது, கார் விற்கும்போதே அதை வாங்குபவருக்குச் செய்து காட்ட வேண்டும். மூன்றாவது, ஒயரிங் வரைபடமும் சோதனைக் கருவியும் நியாயமான விலையில் எல்லா மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும்.

கார்க்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டில் கார் நின்றால், பின் ஆசனத்தை மடித்து அந்தச் சிறு லீவர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் காட்டி வைக்கலாம். நடு ரோட்டில், நள்ளிரவில் தேடுவதைவிட அது எவ்வளவோ மேல்!