குவளையிலும் தமிழ் வேண்டும்

அண்மையில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த தமிழ்த் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். அழைப்பிதழில் அயற்சொல் ஒன்றுகூட இல்லை. திருக்குறள் ஓதி மணவிழா நடந்தது. உள்ளம் குளிர்ந்தது. ஆனால் பந்தல் வாயிலில் ஓர் இளைஞர் நெகிழிக் குவளையில் செந்நிற நீரொன்றை நீட்டினார். “என்ன இது, தம்பி?” என்றேன். “வெல்கம் டிரிங்கு ஐயா, ரோசு சிரப்பு” என்றார். நிறமியும் செயற்கை மணமும் சருக்கரையும் கலந்த குப்பிச் சரக்கு அது. பந்தலுக்குப் பின்னே காய்த்துக் குலுங்கும் தென்னைகள் நின்றன. வேலியோரம் நன்னாரிக் கொடி படர்ந்திருந்தது!

அவ் வீட்டாரைக் குறைகூற இதனை எழுதவில்லை. அவர்கள் நம்மினும் மிக்க தமிழ்ப்பற்றாளர். பிழை நம் அனைவருடையதுமாகும். தாளில் தமிழைக் காத்தோம், அடுக்களையில் கைவிட்டோம். பொருள் போனபின் சொல் மட்டும் எத்தனை நாளைக்கு நிற்கும்?

பல்வகை நீர்மங்களை அளவறிந்து கலந்து பருகும் கலை மேலைநாட்டார்க்கே உரியது எனப் பலர் எண்ணுகின்றனர். அவர்கள் அதனைக் ‘காக்டெயில்’ என்பர். சேவல் வால் என்பது அச் சொல்லின் நேர்ப்பொருள். அப்பெயர் எவ்வாறு வந்தது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. 1806 ஆம் ஆண்டில் அமெரிக்க இதழொன்று அதற்கு விளக்கம் தந்தது: வெறியம், சருக்கரை, நீர், கசப்புச் சாறு ஆகிய நான்கின் கலவை என்பதே அது.

நம் புறநானூற்றின் 24 ஆம் பாட்டைப் புரட்டிப் பாருங்கள். மாங்குடி கிழார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியது. அதில் வேள் எவ்வியின் மிழலை நாடு புனைந்துரைக்கப்படுகின்றது. அந் நாட்டு மகளிர் நுங்கின் நீரையும் கரும்பின் சாற்றையும் தெங்கின் இளநீரையும் ஒன்றாகக் கலந்து பருகிவிட்டுக் கடலில் பாய்ந்து ஆடுகின்றனர். மூன்று நீரின் கலவைக்கும் முந்நீர் என்றே பெயர்; கடலுக்கும் முந்நீர் என்றே பெயர். ஒரே சொல்லை இருபொருளில் வைத்துப் புலவர் மகிழ்கின்றார். அம் மிழலைக் கூற்றம் இன்றைய அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கத்தைச் சார்ந்தது என்பர் ஆய்வாளர். அஃதாவது, நம் மாவட்டத்துக் கடற்கரையிலேயே கலவை நீருக்குப் பெயரும் இருந்தது, சுவையும் இருந்தது.

அதே பாட்டில் பரதவர் மட்டு உண்டு ஆடுவதும் வருகின்றது. அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வெறியமின்றியே கலவை சுவைக்கும் என்பதற்கு முந்நீரே சான்று. 1987 முதல் இங்குக் கள் இறக்கத் தடை. 2003 முதல் அரசே கடை திறந்து அயல்வகைக் குடிகளை விற்கின்றது. பனையேறியின் வாழ்வு ஒடுங்கியது, குடித்தனங்கள் சீரழிந்தன. இந்நிலையில் வீட்டுக்குள்ளும் வெறிநீர்க் கலவையைப் புகுத்துவது நாகரிகமாகாது.

இனிச் சொல்லைப் பார்ப்போம். ‘சர்பத்து’ பருகுதற் பொருள்கொண்ட அரபு வேரினின்று வந்தது. ‘சிரப்பு’ என்னும் ஆங்கிலச் சொல்லும், இலத்தீன் வழியாகச் சுற்றி வந்த அதே அரபு வேர்ச் சொல்லே. ஆங்கிலனே கடன் வாங்கியதை அவனிடம் நாம் மீண்டும் கடன் வாங்குகின்றோம்! நம் சித்த மருத்துவர் கையாளும் மணப்பாகு என்னும் அழகிய சொல் இருக்க, இக் கடன் எதற்கு? பானகம் என்னும் வடசொல்லும் வேண்டா. வெல்லநீர் என்றால் விளங்காதா? தள்ளுவண்டிக்காரரோடு நமக்குச் சண்டையில்லை. “நன்னாரிப் பாகு ஒரு குவளை கொடுங்கள்” என்று நாம் கேட்டால், நாளை அவர் பலகையிலும் அச்சொல் ஏறும்.

சொன்னால் போதாது, செய்தல் வேண்டும். நன்னாரி வேர் 100 கிராம் எடுத்துக் கழுவித் தட்டி, நடுவிலுள்ள கட்டையை நீக்குக. முக்கால் இலிட்டர் வெந்நீரில் ஓரிரவு ஊறவைத்துத் தெளிவை வடித்தெடுக்க. வேரைக் கொதிக்கவிடின் மணம் ஆவியாகிப் போகும். வடித்த நீர் அரை இலிட்டருக்கு ஒரு கிலோ சருக்கரையோ பனங்கற்கண்டோ சேர்த்து, கரைந்து கம்பிப் பதம் வருமளவே காய்ச்சுக. சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் பாகு பூத்துக் கட்டாது. இனிப்பு நூற்றுக்கு 65 பங்கிற்குக் குறையாதிருப்பின் நுண்ணுயிர் எளிதில் வளராது. வேறு காப்புப் பொருள் வேண்டா. ஈரமற்ற கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைக்கலாம்.

செந்நிறந்தான் வேண்டுமா? செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் இட்டு வடித்து, எலுமிச்சைச் சாறு விடுங்கள். கருநீலம் பாய்ந்த அந்நீர் கண்ணெதிரே செக்கச் சிவக்கும். இவ்வாறே இஞ்சிப் பாகும் நெல்லிப் பாகும் செய்யலாம். பாகு இரண்டு, எலுமிச்சை ஒன்று, குளிர்ந்த நீர் ஆறு என்னும் பங்கில் தொடங்கி, நாவுக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: வேரை முழுதும் தோண்டினால் கொடி மாயும். தோண்டுமிடத்தே வேர்த்துண்டு ஒன்றை ஊன்றிவிட்டு வருதல் வேண்டும். பனையின் நிலையும் அதுவே. செங்கற் சூளைக்குப் பனையை விற்றுவிட்டு முந்நீர்ப் பெருமை பேசுவதிற் பொருளில்லை.

தமிழன்பர்களே! உங்கள் இல்லத்தின் அடுத்த விழாவில் விருந்தினரை முந்நீர் தந்து வரவேற்பீராக. “இது என்ன?” என்று ஒரு குழந்தை கேட்கும். அப்பொழுது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான அச் சொல்லை அதன் செவியிற் சொல்லுங்கள். நாவிலும் சுவை இருக்கும். சுவையோடு புகுந்த சொல் மறவாது.