பனித்தரையில் பிடித்த கை



பத்து வயதுப் பெண்ணையும் பதினான்கு வயதுப் பையனையும் அருகருகே நிறுத்தி, இவளுக்கு இவன்தான் என்று ஒரு பெரியவர் தீர்மானம் செய்கிறார். கல்யாணப் பேச்சோ என்று பயந்துவிடாதீர்கள்! பனிக்கட்டித் தரையில் ஜோடியாகச் சறுக்கி ஆடும் ஸ்கேட்டிங் பந்தயத்துக்குத்தான் இந்தப் பொருத்தம். நடந்தது 1981-ல், மாஸ்கோவில், ராணுவ விளையாட்டுக் கழகத்தில். பொருத்தம் பார்த்தவர் விளாதிமிர் ஸகாரோவ் என்ற பயிற்சியாளர். பெண், எகதெரினா கோர்தியேவா. வீட்டில் காத்யா என்று செல்லப் பெயர். பையன், ஸெர்கேய் கிரிங்கோவ்.

காத்யாவின் தகப்பனார் ராணுவ ஆடல் பாடல் குழுவில் நடனக்காரர். தாயாருக்கு 'டாஸ்' செய்தி ஸ்தாபனத்தில் உத்தியோகம். குழந்தைக்கு நாலு வயதாகும்போதே ஸ்கேட்டிங் பழகக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இதில் தனியாக ஆடிப் பேர் வாங்க வேண்டுமானால் தாவல்கள் பிரமாதமாக இருக்க வேண்டும். காத்யாவுக்கும் சரி, ஸெர்கேய்க்கும் சரி, அது அவ்வளவாகக் கைவரவில்லை. (கால் வரவில்லை என்று சொல்ல வேண்டுமோ?) அதனால்தான் இருவரையும் ஜோடி சேர்த்தார்கள்.

ஜோடி ஆட்டம் பார்க்க வெகு அழகு. ஆனால் அதை ஆடுகிற பெண்ணின் தாயாராக இருந்து பாருங்கள், வயிறு கலங்கும். கத்தி போன்ற மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் சறுக்கிக்கொண்டே ஆண் அவளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறான். பிறகு அந்தரத்தில் வீசுகிறான். அவள் பம்பரமாகச் சுழன்று வருகையில் இடுப்பைப் பிடித்து இறக்குகிறான். இன்னொரு விதத்தில் பிடிப்பதுகூட இல்லை. வீசி எறிந்துவிடுவான், அவளாகவே ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும். 'மரணச் சுழல்' என்றே ஒன்று இருக்கிறது. அவன் நின்ற இடத்தில் சுழல, அவள் அவனுடைய ஒரு கையை மட்டும் பற்றிக்கொண்டு, தலை தரையை உராய்கிற மாதிரிச் சாய்ந்து வட்டமிடுகிறாள். தலைக்குக் கவசம் ஒன்றும் கிடையாது.

ஆகவே பெண் சின்னவளாகவும் பையன் வலுவானவனாகவும் இருப்பதுதான் சௌகரியம். ஆனால் பெண் குழந்தை சின்னவளாகவே இருந்துவிடுவாளா? ஒரு வருஷத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்தால் நம் வீட்டில் பாவாடை விளிம்பைப் பிரித்து விடுவோம், அவ்வளவுதான். அங்கேயோ தூக்குவது, வீசுவது, இறங்குவது எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும். எத்தனையோ இளம் ஜோடிகள் இந்த ஒரு காரணத்தாலேயே பிரிந்துபோகின்றன.

இவர்கள் பிரியவில்லை. 1984 டிசம்பரில், அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், 1985-ம் வருஷத்து உலக ஜூனியர் பட்டத்தை வென்றார்கள். (வருஷம் பிறக்குமுன்பே பந்தயத்தை நடத்திவிட்டார்கள்!) அவளுக்கு 13, அவனுக்கு 17. முந்தைய தடவை பதக்கமே கிட்டாமல் திரும்பியவர்கள்தான் இந்த இருவரும். அப்புறம் தாமதமே இல்லை. 1986-ல் ஜெனீவாவில் பெரியவர்களோடு போட்டியிட்டு உலகப் பட்டத்தையே வாங்கிவிட்டாள், பதினாலு வயதுப் பெண்! இன்று அது நடக்காது. பெரியவர் பந்தயத்தில் இறங்கப் பதினேழு வயது ஆகியிருக்க வேண்டுமென்று 2022-ல் விதி செய்து, படிப்படியாக அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், நல்ல காரியம் என்பேன்.

1987-ல் ஸராயேவோவில் ஒரு வேடிக்கை. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஸெர்கேயின் காலில் இருந்த பட்டை அறுந்துபோயிற்று. நடுவர் நிறுத்தச் சொன்னார், சங்கீதமும் நின்றது. இவர்கள் நிற்கவில்லை! சங்கீதம் இல்லாமலே ஆட்டத்தை முடித்தார்கள். போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

அதே வருஷம் நவம்பரில் நடந்தது வேடிக்கையல்ல. பயிற்சியின்போது காத்யாவை ஒற்றைக் கையால் உயரத் தூக்கியிருந்த சமயம், ஸெர்கேயின் காலணித் தகடு பனியில் சிக்கிக்கொண்டது. அவள் தலைகுப்புற விழுந்தாள். நெற்றியில் அடி, மூளை அதிர்ச்சி, ஆஸ்பத்திரி வாசம். கீழே போட்டவனின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! அதற்கு முன்பு அவர்கள் ஒன்றாக ஆடும் இரண்டு பேர்; அதற்குப் பின்பு அவன் அவளைப் பிடிக்கிற பிடியே மாறிவிட்டதாம். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1988 பிப்ரவரியில் கனடாவில் கால்கரி ஒலிம்பிக்கில் அதே கைகளில் ஏறித் தங்கப் பதக்கம் வாங்கினாள். பதினாறு வயது.

மறுபடி விழுந்து எழுந்தவளுக்கு அந்தக் கைகளிடம் எப்படி நம்பிக்கை வந்தது என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. வீழ்ந்த மறுநாளே ஆள் மாற்றியிருந்தால் யாரும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு காத்யாவின் பாத எலும்பில் கீறல் கண்டு, ஆடக் கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவளை ஸெர்கேய் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, தங்கள் ஆட்டம் முழுவதையும் தானே சறுக்கிக் காட்டினானாம். இந்த ஒரு விஷயத்துக்கு மேல் காதல் கதை எதற்கு? 1991 ஏப்ரலில் கல்யாணம். 1992 செப்டம்பரில் பெண் குழந்தை, டாரியா. குழந்தை பெற்றவள் இனி எங்கே ஆடப்போகிறாள் என்று நினைத்தவர்களுக்கு, 1994-ல் நார்வேயில் லில்லஹாமரில் பதில் கிடைத்தது. இரண்டாவது ஒலிம்பிக் தங்கம்.

1995 நவம்பர் 20. அமெரிக்காவில் லேக் பிளாஸிட் என்ற ஊர். வழக்கம்போலப் பயிற்சி. ஆட்டத்தின் நடுவே ஸெர்கேய் தடுமாறிப் பனியின்மேல் மெல்லச் சரிந்தான். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது யாருக்கும் தெரியாது. வயது 28. அவளுக்கு 24. குழந்தைக்கு மூன்று.

சகோதரிகளே, ஜோடி ஆட்டக்காரிக்குத் தனி ஆட்டம் பழக்கமில்லை. பத்து வயதிலிருந்து அவள் கற்றதெல்லாம் இன்னொரு கையோடு கற்றது. மாஸ்கோவுக்குத் திரும்பிய காத்யா, சிறு பெண்ணாகப் பழகிய அதே கூடத்தில் மறுபடி காலணியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். 1996 பிப்ரவரி 27-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரில், ஸெர்கேயின் நினைவாகச் சக ஆட்டக்காரர்கள் எல்லோரும் கூடி ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். மாஹ்லர் என்ற சங்கீத மேதையின் ஐந்தாவது சிம்பொனியிலிருந்து மெதுவான பகுதி ஒலித்தது. காத்யா தனியே ஆடினாள். தூக்குவது இல்லை, வீசுவது இல்லை. நிகழ்ச்சி முடிகிற சமயம் குழந்தை டாரியாவையும் பனித்தரைக்கு அழைத்து வந்தாள்.